சீர் வண்டிக்கு ஒரு கொக்கி

இளஞ்செழியனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்பான். மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச நின்றால் ஒரு பாத்தி நிரம்பி, அடுத்த பாத்தி நிரம்பி, பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று கூப்பாடு போட்ட பிறகுதான் கையில் மண்வெட்டி இருப்பதே அவனுக்கு நினைவுக்கு வரும். "எம் புருசனுக்கு உடம்பு மட்டுந்தான் காந்திகிராமத்துல. மனசு குடியிருக்கிறது சிறுமலை உச்சியில" என்பாள் அவன் மனைவி தீபா. நாற்பத்திரண்டு வயதாகியும் போகாத வியாதி இனி எங்கே போகப்போகிறது.

அப்படிப்பட்டவன் போன ஆவணியில் ஒரு நாள் காலை, தன் குட்டி டிராக்டரை ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் போய், ஸ்டான்லியின் வெல்டிங் பட்டறை முன்னால் நிறுத்தினான்.

"பின்னாடி ஒரு கொக்கி வச்சுக் குடுங்கண்ணே. டிரெய்லர் இழுக்கணும்."

ஸ்டான்லி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து குனிந்து பார்த்தார். பூச்செடிகளுக்கு நடுவே புகுந்து களை உழுகிற அளவுக்கு ஒல்லியான டிராக்டர் அது. பின்னால் கலப்பை மாட்டும் கைகள் மட்டும்தான் இருந்தன.

"இது தோட்ட வண்டியாச்சே. என்னத்த இழுக்கப் போறீங்க?"

"சீர்" என்றான் இளஞ்செழியன். "தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நாந்தான் தாய்மாமன்."

தாய்மாமன் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இடறியது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குழந்தையை அவன் இதுவரை பார்த்ததே இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால், கொரோனா ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த சமயத்தில் அவன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான். பத்திரிகையைப் படம் பிடித்து எல்லோருக்கும் போனில் அனுப்பினான். தங்கை மகேஸ்வரிக்கும் அப்படியே அனுப்பினான். எல்லாருக்கும் அனுப்பியதுதானே என்று அவன் நினைத்தான். எல்லாரும் நானும் ஒன்றா என்று அவள் நினைத்தாள். நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால் அவள் பக்கம்தான். கூடப் பிறந்தவளைத் தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைப்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. முகக்கவசம் போட்டுக்கொண்டாவது அவள் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவள் பால் காய்ச்ச வரவில்லை. அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு மாதம் கழித்து, கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு அவளுக்கு முதல் குழந்தை பிறந்தது. அவன் போகவில்லை. இதற்குக் கொரோனாவைச் சாக்குச் சொல்ல முடியாது. ரோஷம்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது குழந்தைக்கு மூன்றரை வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது. மகேஸ்வரியின் புருஷன் முத்துச்சாமி பத்திரிகையோடு நேரில் வந்தார். வெற்றிலை பாக்கு வைத்து, "வந்துருங்க மச்சான்" என்று சொல்லி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மகேஸ்வரி வரவில்லை. முறைக்காகக் கூப்பிட்டாளா, அண்ணன் வேண்டும் என்று கூப்பிட்டாளா? போனால் முகம் கொடுத்துப் பேசுவாளா? அன்று முதல் இளஞ்செழியன் தூங்காமல் கிடந்தது இந்த ஒரு கேள்வியோடுதான்.

"குட்டியானை வண்டி ஒண்ணு வாடகைக்குப் பேசுனா அரை மணி நேரத்துல போயிரலாம். இதுக்கு எதுக்குக் கொக்கியும் டிரெய்லரும்?" என்று தீபா கேட்டாள். சொந்த வண்டியில் சீர் கொண்டுபோவதுதான் மரியாதை என்று சொல்லி வைத்தான். உண்மை வேறு. அந்தக் குட்டி டிராக்டர் பாரம் இழுத்துக்கொண்டு போனால் தங்கை ஊருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று யோசிக்க அவனுக்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது.

ஸ்டான்லி வேலையைத் தொடங்கினார். கியர் பெட்டிக்குக் கீழே நாலு போல்ட் துளைகள் இருந்தன. கட்டை விரல் கனத்துக்கு ஒரு இரும்புத் தகடு வெட்டி அங்கே முடுக்கினார். அதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பட்டைகள் பற்றவைத்தால் அது வாய். டிரெய்லரின் முன்கம்பி நுனியில் இருக்கும் வளையம் அந்த வாய்க்குள் வரும். மேலிருந்து ஒரு கனத்த பின் இறங்கி மூன்றையும் சேர்த்துக் கோக்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் வாயை எந்த உயரத்தில் வைப்பது?

"டிரெய்லர் வளையம் தரையில இருந்து எம்புட்டு உயரம்?"

இளஞ்செழியன் யோசித்தான். பக்கத்து வீட்டு டிரெய்லரை இரவல் கேட்க முந்தின நாள் போய்ப் பார்த்தவன், அளக்க மறந்து வேறு எதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டு வந்திருந்தான்.

"என் முழங்காலுக்கு நாலு விரல் கீழண்ணே."

"செருப்போடயா, செருப்பு இல்லாமயா?"

அதற்கும் யோசித்தான். "செருப்போட."

ஸ்டான்லி டேப்பை எடுத்து, ஒரு வாடிக்கையாளரின் முழங்காலை அளந்தார். பட்டறை ஆரம்பித்துப் பதினேழு வருடத்தில் அதுதான் முதல் தடவையாம். பின்னால் பலரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் பாருங்கள், வளையம் வாய்க்குள் மயிரிழை பிசகாமல் போய் உட்கார்ந்தது. கனவு காண்கிறவர்கள் எதையும் கவனிப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது.

பற்றவைப்பு முடிந்து இரும்பு ஆறிக்கொண்டிருந்தபோது ஸ்டான்லி பின்னைக் கையில் எடுத்துக் காட்டினார். "கீழ் நுனியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு பாத்தீங்களா? பின் இறங்குன பிறகு இந்த க்ளிப்ப இதுல மாட்டணும். இல்லேன்னா மேடு பள்ளத்துல பின் துள்ளி வெளிய வந்துரும். டிரெய்லர் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். புரிஞ்சுச்சா?"

"ம்" என்றான் இளஞ்செழியன். இரும்பிலிருந்து எழுந்த நீலப்புகைக்குள் மகேஸ்வரி ஊர் எல்லையில் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று மட்டும் தெரியவில்லை. க்ளிப்பை ஸ்டான்லி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

காதுகுத்து நாள் காலையில், வெளிச்சம் வந்ததும் டிரெய்லரைக் கோத்துப் பாரம் ஏற்றினார்கள். சிறுமலை வாழைத்தார் ஆறு நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டப்பட்டன. அரிசி மூட்டை, வெல்லம், பட்டுப் பாவாடை, வளையல், பழம், பலகாரம் என்று இருபத்தொரு தட்டுகள் நெகிழித்தாள் சுற்றி அடுக்கப்பட்டன. மூலையில் மாலை போட்ட ஒரு கிடாய் நின்றது. தீபா புதுக் கொக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். கண் பட்டுவிடக் கூடாது என்று எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் கோத்து வைத்திருந்தாள். அதை எங்கே கட்டுவது என்று கொக்கியைச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தா, பின்னுக்குக் கீழ ஓட்டை விட்டுருக்காரே" என்றான் இளஞ்செழியன்.

"அட, இதுக்குன்னே விட்டுருக்காரு. விவரமான மனுசன்" என்று தீபா பட்டறைக்காரரை மெச்சிக்கொண்டாள். நூலை அந்த ஓட்டைக்குள் விட்டு இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டார்கள். எலுமிச்சம்பழம் அழகாகத் தொங்கியது. க்ளிப் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைப் பைக்குள், காகித மடிப்புக்குள், கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

தீபாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். யாராவது கூட வாருங்கள் என்று அவன் கூப்பிடவில்லை, வருகிறேன் என்றவர்களையும் தடுத்துவிட்டான். ஆள் இருந்தால் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சுக் கொடுத்தால் யோசிக்க முடியாது.

டிராக்டர் மேற்கே பார்த்துப் போனது. முதுகில் சிறுமலையும் அதற்கு மேலே எழுந்த வெயிலும் இருந்தன. பெரிய ரோட்டை விட்டு ஊர்ப்பாதையில் இறங்கியதும் சத்தம் அடங்கி, இன்ஜினின் ஒரே சீரான தடதடப்பு மட்டும் மிச்சமிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு, செத்த நேரம் கேட்டால் காதிலிருந்தே மறைந்துவிடும். தென்னந்தோப்புகள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. ஒரு கொக்கு அவன் வேகத்துக்குக் கூடவே வந்து, சலித்துப்போய் வயலில் இறங்கியது. அவனுடைய நிழலும் வண்டியின் நிழலும் பாதையில் முன்னால் நீளமாக விழுந்தன. நிழலுக்கு மேலே வாழைத்தார்களின் தலைகள் ஆடின.

"மகேசு, நல்லாருக்கியா?" என்று சொல்லிப் பார்த்தான். நாலு வருடம் கழித்துப் போய் நிற்கிறவன் கேட்கிற கேள்வியா இது. "தாயி, அண்ணன மன்னிச்சுரு." கூட்டத்துக்கு நடுவே சொன்னால் அவள் அழுதுவிடுவாள், இல்லையென்றால் அவன் அழுதுவிடுவான். ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடலாமா? அவளும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துவிட்டால் என்ன செய்வது? ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்த்தான். சில தடவை அவள் திரும்பிக்கொண்டாள். சில தடவை தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். அந்த இடம் வரும்போதெல்லாம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டான்.

கண்மாய்க் கரை மேட்டில் ஏறும்போது பாதையில் ஒரு பெரும்பள்ளம். வண்டி தூக்கிப் போட்டது. அதன் பிறகு டிராக்டர் துள்ளிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மேடு ஏறியதே தெரியவில்லை. பாரமெல்லாம் இறங்கிப் போனது போல இருந்தது. மனசு லேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்து, மனதாரச் சந்தோஷப்பட்டான். நிழலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த தலைகளைக் காணோம் என்பதைக் கண் பார்த்தது, ஆனால் மனசுக்குச் சொல்லவில்லை.

சித்தையன்கோட்டைக்குச் சற்று முன்னால் மகேஸ்வரியின் ஊர். எல்லையில் கூட்டம் நின்றது. டிராக்டர் தலை தெரிந்ததும் மேளம் முழங்கியது. முன்வரிசையில் தீபா, அவள் பக்கத்தில் முத்துச்சாமி, நடுவில் பட்டுச்சேலை கட்டி ஆரத்தித் தட்டோடு மகேஸ்வரி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு தலை நிறையப் பூ வைத்த ஒரு குட்டிப் பெண் நின்றது. இளஞ்செழியன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தயாராக வைத்திருந்த சொல்லை எடுத்தான்.

மேளம் நின்றுவிட்டது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

கொக்கி இருந்தது. சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு பாதைதான் இருந்தது.

முத்துச்சாமி வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர், "மாமன் சீரு கண்ணுக்குத் தெரியாத சீரா இருக்கும்போல" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். தீபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இளஞ்செழியன் இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்த சொற்களில் ஒன்றுகூட இல்லை. நாலு வருடம் கழித்து வந்து, தங்கையை அவள் புகுந்த ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. செத்துப்போகலாம் என்று இருந்தது அவனுக்கு.

"எங்க விட்டே?" என்றாள் மகேஸ்வரி.

"தெரியல."

"நான் பைக்குல போயிப் பாத்துட்டு வாரேன்" என்று முத்துச்சாமி நகர்ந்தார்.

"நீங்க இருங்க. எங்கண்ணன் தொலைச்சத நாந்தான் தேடணும்" என்றாள் மகேஸ்வரி. ஆரத்தித் தட்டை, "மதினி, இதப் புடிங்க" என்று தீபாவிடம் கொடுத்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். குட்டிப் பெண் கீழே நின்று நானும் நானும் என்று குதித்தது. மகேஸ்வரி எட்டி அதைத் தூக்கினாள். தன்னிடம் வைத்துக்கொள்ள இடமில்லை. "புடி" என்று அண்ணன் மடியில் போட்டாள்.

நல்ல நேரம் பார்க்கவில்லை, மேளம் இல்லை, மணை போடவில்லை. மருமகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துவிட்டது. பேர் கீர்த்தனா என்று பத்திரிகையில் படித்திருந்தான். இவ்வளவு சூடாக, இவ்வளவு கனமாக இருக்கும் என்று அதில் போடவில்லை. எங்கண்ணன் என்று அவள் சொன்னது காதுக்குள் நின்றுகொண்டே இருந்தது. ஆனால் போகிற வழியெல்லாம் அவள் பேசியது, "பாத்து ஓட்டு" என்ற இரண்டு சொல் மட்டும்தான்.

கண்மாய்க் கரையில் டிரெய்லர் மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. பூப்பறித்துவிட்டு வந்த நாலு பெண்கள் சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்துவிட்டுக் காவல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பழம் குறையவில்லை. கிடாய் மட்டும் தன் மாலையைத் தின்று முடித்திருந்தது. "எந்த மாமன்காரனோ கனாக் கண்டுக்கிட்டே போயிட்டான்னு பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள் ஒருத்தி. அறுந்த நூலும் எலுமிச்சம்பழமும் பள்ளத்தில் கிடந்தன. பத்தடி தள்ளிப் பின் கிடந்தது. அதை எடுத்துக் கீழ் ஓட்டையைப் பார்த்தபோதுதான் ஸ்டான்லி சொன்னது அத்தனையும் ஒரு சொல் விடாமல் அவனுக்கு ஞாபகம் வந்தது.

பெண்கள் முன்கம்பியைத் தூக்கிப் பிடிக்க, மகேஸ்வரி வளையத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று கையைக் காட்டினாள். அவன் பின்னால் எடுத்தான். வளையம் வாய்க்குள் வந்ததும் அவளே பின்னை இறக்கினாள். க்ளிப்புக்குப் பதிலாகப் பூக்கூடையிலிருந்து கம்பித் துண்டு ஒன்றை உருவி ஓட்டைக்குள் விட்டு முறுக்கினாள்.

"நீ போ. நான் இதுல ஒக்காந்து வாரேன்" என்று டிரெய்லரில் ஏறினாள். "மறுபடி கழண்டுச்சுன்னா கத்துறதுக்கு ஆள் வேணும்ல."

சீரை வாங்கிக்கொள்ள வேண்டியவள் சீர்த்தட்டுகளுக்கு நடுவே கிடாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவது எந்த ஊரிலும் நடந்திருக்காது. இளஞ்செழியன் வண்டியை எடுத்தான். பாரம் ஏறியதும் இன்ஜின் முனகியது. இப்போது அந்த முனகலை அவன் ஒவ்வொரு அடியிலும் கேட்டான். இரண்டு முறை திரும்பியும் பார்த்தான். அவள் வாழைத்தாரில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் நெருங்க நெருங்க அவனுக்குப் பயம் வந்தது. கூட்டத்துக்குள் போனால் அவள் மறுபடி பேசாமல் போய்விடுவாள். இந்தச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்காது என்ற தைரியத்தில், பாதையைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். பத்திரிகையை நேரில் வைக்காதது தப்பு என்றான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு என்றான். யாரிடமும், தீபாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக் கை இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை குழந்தையின் வயிற்றில். குழந்தை அண்ணாந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தது.

எல்லையில் மேளக்காரர்கள் குச்சியை ஓங்கியபடி நின்றார்கள். சீரோடு மகேஸ்வரியும் வருவதைப் பார்த்ததும் கொட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்கள். இன்ஜின் நின்றது. அந்த அமைதிக்காகவே காத்திருந்தது போலக் கீர்த்தனா திரும்பி உரக்கச் சொன்னது:

"அம்மா, நான் பொறந்தப்ப மாமா ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துச்சாம். உள்ள வர பயமா இருந்துச்சாம். பழத்தையெல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டுப் போயிருச்சாம்."

இறங்குவதற்காகச் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்திருந்த மகேஸ்வரி அப்படியே நின்றாள்.

"எந்தக் கேட்டு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேட்டு" என்றான் இளஞ்செழியன், தரையைப் பார்த்து. "ரெண்டு நாள் வந்தேன்."

அவள் முகம் கோணியது.

"நான் பின்பக்கத்து ஜன்னல்லண்ணே ஒக்காந்துருந்தேன்" என்றாள். "தோட்டத்துல இருந்து வாரவன் அந்தப் பக்கமாத்தான் வருவேன்னு, மூணு நாளும் அந்த ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு, இறங்குவதற்கு அவனிடம் கையை நீட்டினாள்.